சாலையில் திரியும் ஆபத்தான விலங்குகளைக் காவல்துறை கொல்வது குறித்த விவாதம்

பொதுச்சாலைக்கு வந்து மனித உயிருக்கு ஆபத்தாக நிற்கும் விலங்கைக் காவல்துறையினர் கொல்லலாமா என்பது தமிழ்நாட்டில் அவ்வப்போது எழும் விவாதமாகும். மாடு முட்டியது, யானை ஊருக்குள் வந்தது, புலி ஆளை அடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் ‘இன்னும் ஏன் சுடவில்லை’ என்று ஒரு சாரார் கேட்கின்றனர். சுட்டுவிட்டாலோ ‘ஏன் சுட்டார்கள்’ என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். இரு கேள்விகளும் பெரும்பாலும் காவல்துறையை நோக்கியே வைக்கப்படுகின்றன. ஆனால் இந்தியச் சட்டப்படி விலங்கைக் கொல்லும் முடிவை எடுக்கும் அதிகாரம், ஒரு சில அவசர நிலைகள் தவிர, காவல்துறையிடம் இல்லை. இது பொதுவாக அறியப்படாததால் விவாதம் பல நேரங்களில் தவறான இடத்தில் தொடங்குகிறது.

தென்சென்னைப் புறநகர்

சென்னையின் தெற்கே தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், சிறுசேரி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பகுதி இக்கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறுசேரி செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு இரவு பகலாக ஊழியர் பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் ஓடும் ஊராக மாறியது. பழைய மாமல்லபுரம் சாலை இங்கு அகன்ற நெடுஞ்சாலை. அதன் இருபுறமும் இருந்த வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. ஆனால் மாடு வளர்த்த குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை, மாடுகளும் போகவில்லை.

வருவாய்த்துறை ஆவணங்களில் ‘மேய்க்கால் புறம்போக்கு’, ‘மந்தைவெளி’ என்ற வகைப்பாடுகள் உண்டு. ஊர் மாடுகள் மேயவும் கூடவும் பொதுவில் விடப்பட்ட நிலம் என்பது பொருள். சென்னை நகரில் மந்தைவெளி இன்று ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயராக மட்டுமே எஞ்சியுள்ளது. புறநகரில் அதே மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்தது. மேயும் இடம் இல்லாத மாடு பகலில் குப்பைத்தொட்டி அருகிலும், இரவில் சூடும் காற்றும் உள்ள தார்ச்சாலையிலும் படுக்கிறது. கருநிற எருமை விளக்கில்லாத இடத்தில் நின்றால் அருகில் வரும்வரை வாகன ஓட்டிக்கு எளிதில் தெரியாது. எனவே இப்பகுதியில் ‘ஆபத்தான விலங்கு’ என்பது பெரும்பாலும் பாயும் விலங்கன்று, நிற்கும் விலங்கே.

வனவிலங்குகளும் இங்கு இல்லாமல் இல்லை. மிக்ஜாம் புயல் மழையின்போது, 2023 டிசம்பர் 4 அதிகாலையில், பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையில் முதலை ஒன்று கடந்து சென்ற காட்சி சமூக ஊடகங்களில் பரவியது. வண்டலூர் உயிரியல் பூங்காவிலிருந்து தப்பியது என்ற வதந்தியும் உடன் பரவியது. சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் சதுப்பு முதலைகள் இயல்பாகவே வாழ்கின்றன என்றும், அவை மனிதரை விட்டு விலகும் இயல்பின என்றும், நீர்நிலைகளின் அருகே செல்ல வேண்டாம் என்றும் வனத்துறைத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அந்த நேரத்தில் அச்சாலையில் துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவர் இருந்திருந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதே சட்டம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

யாருக்கு அதிகாரம்

பதில் விலங்கைப் பொறுத்து மாறுகிறது. முதலை, யானை, புலி, சிறுத்தை ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. இவற்றைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. அவரும் வாய்மொழியாகச் சொல்ல இயலாது. விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானதாகிவிட்டது, அல்லது மீள இயலாத நோயோ ஊனமோ உற்றது என்பதற்கான காரணங்களை எழுதி ஆணையிட வேண்டும். பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடத்துக்கு மாற்றவோ இயலாது என்று மனநிறைவு கொண்ட பிறகே கொல்ல ஆணையிடலாம் என்ற நிபந்தனையும் உண்டு.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் வனவிலங்கைக் கொன்றால் அது குற்றமாகாது என்று அதே பிரிவு கூறுகிறது. இது காவலருக்கு மட்டும் தரப்பட்ட சலுகையன்று. எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது. முதலை சாலையைக் கடந்து ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. ஒருவரைக் கவ்வி இழுத்தால் பொருந்தும். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் சாலையில் நிற்பவருக்கு அதை எடைபோடக் கிடைப்பது சில நொடிகளே.

மாடு, எருமை, குதிரை போன்ற வளர்ப்பு விலங்குகளுக்கு வேறு சட்டங்கள். அவை ஒருவரின் உடைமை. விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறும் உரிமையாளருக்கு 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டு தண்டனைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாட்டைக் கொன்றவரைவிட மாட்டை அவிழ்த்துவிட்டவரைச் சட்டம் மிக மென்மையாக நடத்துவது தெரியும்.

அதிகம் பேசப்படாத ஒரு சட்டவிதி இங்கு முக்கியமானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, பொதுத்தொல்லைகளை அகற்றுவது பற்றியது. திறந்து கிடக்கும் கிணறு, விழும் நிலையில் உள்ள மரம் ஆகியவற்றோடு ‘ஆபத்தான விலங்கு’ என்பதும் அதில் உள்ளது. காவல்துறையின் அறிக்கையைப் பெற்று, அவ்விலங்கைக் கொல்லவோ அடைத்துவைக்கவோ வேறுவகையில் அப்புறப்படுத்தவோ உரிமையாளருக்கு நிர்வாக நடுவர் ஆணையிடலாம். உரிமையாளர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு. மீண்டும் மீண்டும் முட்டும் காளைக்கு ஏற்ற வழி இதுவே. ஆனால் பலரும் இதை நாடுவதில்லை. மாடு முட்டிய அன்று கோபம், மறுவாரம் மறதி என்றே போய்விடுகிறது.

இவை எதற்கும் நேரமில்லாத நிலையில், பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய தீங்கைச் செய்வது குற்றமாகாது என்ற பொதுவிதி காவலருக்குத் துணை நிற்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவாக இருந்த இவ்விதிக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு, பெருந்தீ பரவாமலிருக்க இடையிலுள்ள வீடுகளை இடிப்பது. தீ உண்மையிலேயே பரவிக்கொண்டிருந்தது என்பதை இடித்தவர் பின்னர் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

அடிபட்டுச் சாலையில் துடிக்கும் விலங்கைக்கூடக் காவலர் தம் விருப்பப்படி கொல்ல இயலாது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உரிமையாளர் இல்லாதபோது கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று பெற வேண்டும். நடுவரின் ஆணையும் வேண்டும்.

நீலகிரி: இரண்டு புலிகள்

2014 ஜனவரியில் உதகமண்டலத்தை அடுத்த தொட்டபெட்டா சுற்றுவட்டாரத்தில் புலி ஒன்று மூன்று பேரைக் கொன்றது. தேயிலைத் தோட்ட வேலை நின்றது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வனத்துறையினருடன் காவல்துறையின் சிறப்பு அதிரடிப்படையினரும் தேடுதலில் இறங்கினர். ஜனவரி 22 அன்று குந்தசப்பை அருகே புலி சுட்டுக் கொல்லப்பட்டது. உள்ளூர் மக்கள் மகிழ்ந்தனர். விலங்கு நல ஆர்வலர்கள், மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப் போதிய முயற்சி எடுக்கப்படவில்லை என்றனர்.

ஏழாண்டுகளுக்குப் பிறகு அதே மாவட்டத்தில் கதை வேறுவிதமாக முடிந்தது. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரின் இறப்புக்குக் காரணம் எனக் கருதப்பட்ட ‘டி23’ என்ற புலியை வேட்டையாட 2021 அக்டோபர் 1 அன்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் ஆணையிட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. உடனடியாகக் கொல்ல வேண்டாம், உயிருடன் பிடிக்க முயலுங்கள் என்று நீதிமன்றம் அறிவுறுத்தியது. கும்கி யானைகள், மோப்ப நாய்கள், ட்ரோன்கள், பழங்குடித் தடமறிவோர் என மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று புலி மயக்க ஊசியால் பிடிக்கப்பட்டு மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. முதல்நாள் இரவு ஊசி செலுத்திய பிறகும் அது புதருக்குள் மறைந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது நிகழ்வை வைத்து முதல் நிகழ்வைக் கண்டிப்பது எளிது. ஆனால் முழுவதும் நியாயமன்று. மூன்று வாரம் காத்திருக்க முடிந்ததற்கு மக்கள் வீட்டுக்குள் இருந்தது ஒரு காரணம். நூற்றுக்கும் மேற்பட்ட பணியாளர்களை ஒரே விலங்கின் பின்னே அனுப்ப அரசு முன்வந்தது மற்றொரு காரணம்.

‘ஆட்கொல்லி’ என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். தேயிலைப் புதரில் குனிந்து இலை பறிப்பவரை இரையென்று நினைத்துத் தாக்கிய புலியும், மனிதரையே தேடி வரும் புலியும் ஒன்றல்ல. செய்தித்தாளின் தலைப்பில் இரண்டும் ஆட்கொல்லியே. அந்தச் சொல் அச்சேறிய பிறகு ஆணை வழங்கும் அலுவலர் மீதுள்ள நெருக்கடி பன்மடங்காகிறது.

கம்பம்: நகரத் தெருவில் யானை

சாலைக்கு வந்த விலங்கு, காவல்துறை, மக்கள் கூட்டம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்ததற்குத் தமிழ்நாட்டின் தெளிவான எடுத்துக்காட்டு அரிக்கொம்பன் என்ற காட்டு யானை. கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் பிடிக்கப்பட்டுப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட இந்த யானை, 2023 மே 27 அன்று தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் நுழைந்தது. தெருக்களில் ஓடியது, ஆட்டோக்கள் சேதமடைந்தன. இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவர் யானையால் காயமுற்றுச் சில நாட்களில் இறந்தார். மாவட்ட நிர்வாகம் 144 தடை உத்தரவு பிறப்பித்தது.

சுட வேண்டும் என்ற குரல் அப்போதும் எழுந்தது. சுடவில்லை. காவல்துறையினர் செய்த வேலை வேறு: தெருக்களை மறித்தனர், ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வீட்டுக்குள் அனுப்பினர், வேடிக்கை பார்க்கத் திரண்டவர்களைக் கலைத்தனர். தோப்பில் நின்ற யானை, ஒருவர் படமெடுக்கப் பறக்கவிட்ட ட்ரோனின் ஓசையால் மிரண்டு ஓடியதும் நடந்தது. யானை நகரை விட்டு விலகி, வனப்பகுதியை ஒட்டி நின்ற நேரம் பார்த்து ஜூன் 5 அதிகாலையில் வனத்துறை கால்நடை மருத்துவர்கள் மயக்க ஊசி செலுத்தினர். கும்கிகளின் உதவியுடன் லாரியில் ஏற்றப்பட்ட யானை களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது.

கம்பத்தில் யானையின் உயிரையும் ஊர்மக்களின் உயிரையும் காத்ததில் பெரும்பங்கு கயிறும் தடுப்புக் கம்பியும் பிடித்து நின்ற காவலர்களுடையது. விலங்கு சம்பவங்களில் காவல்துறையின் பங்கைத் துப்பாக்கியை வைத்தே பேசும் பழக்கத்தால் இது போதிய அளவு பதிவாகவில்லை.

மயக்க ஊசியின் எல்லைகள்

மயக்க ஊசி என்றதும் திரைப்படத்தில் வருவதுபோல விலங்கு உடனே சாய்ந்துவிடும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் மருந்து வேலை செய்யப் பல நிமிடங்கள் ஆகும். மருந்தின் அளவை விலங்கின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் கணக்கிட வேண்டும். குறைந்தால் விலங்கு விழாது, மிகுந்தால் எழாது. மிரண்டு ஓடும் விலங்கின் உடலில் மருந்து தாமதமாகவே பற்றும். ஊசி பட்ட வலியில் அது கூட்டத்துக்குள் பாயலாம். சாலையில் ஓடி வாகனத்தில் மோதலாம். நீர்நிலையில் இறங்கி மயங்கி மூழ்கலாம். மருந்தையும் கருவியையும் கையாளப் பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும். காவல் நிலையங்களில் இவை இருப்பதில்லை.

துப்பாக்கிக்கும் எல்லை உண்டு. பெரிய விலங்குகளை வீழ்த்தக் கனமான ரைபிள் தேவை. புலியைக் கொல்ல நேர்ந்தால் .375 மேக்னத்துக்குக் குறையாத துளையுள்ள துப்பாக்கி வேண்டும் என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறை கூறுகிறது. காவலரின் இடுப்பிலுள்ள கைத்துப்பாக்கியால் ஓர் எருமையை ஒரே குண்டில் வீழ்த்துவது அரிது. காயமுற்ற விலங்கு முன்பைவிட ஆபத்தானது. தவறிய குண்டு தார்ச்சாலையில் பட்டுத் தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இருபுறமும் கடைகளும் வாகனங்களும் உள்ள ஓ.எம்.ஆர். போன்ற சாலையில் இது சிறிய கவலையன்று.

பிற நாடுகளில்

2011 அக்டோபர் 18 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் சேன்ஸ்வில்லில், தனியார் விலங்குப் பண்ணையின் உரிமையாளர் கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். சிங்கம், புலி, கரடி உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் வெளியேறின. இருட்டும் நேரம், அருகில் நெடுஞ்சாலையும் வீடுகளும். உள்ளூர்க் காவல் அலுவலர்கள் பெரும்பாலானவற்றைச் சுட்டுக் கொன்றனர். இறந்தவற்றில் 18 வங்கப்புலிகள். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஆனால் மயக்க ஊசி பட்ட ஒரு புலி அங்கிருந்த மருத்துவரை நோக்கிப் பாய்ந்ததால் அதையும் சுட வேண்டியதாயிற்று என்பது தெரிந்தபின் கண்டனம் ஓரளவு தணிந்தது. ஓஹியோ மாநிலம் 2012இல் ஆபத்தான வனவிலங்குகளைத் தனியார் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. காவலரைக் குறைகூறுவதில் தொடங்கிய விவாதம் கூண்டுகளுக்கு அனுமதி தந்தது யார் என்ற கேள்வியில் போய் நின்றது.

இங்கிலாந்தின் ஸ்டெயின்ஸ் நகரில் 2024 ஜூன் 14 இரவு, தெருவில் ஓடிய இளம் பசு ஒன்றைக் காவல்துறையினர் ரோந்து வாகனத்தால் இருமுறை மோதி வீழ்த்தினர். காணொளி பரவியது. உள்துறை அமைச்சரே விளக்கம் கேட்டார். பல மணி நேரம் பிடிக்க முயன்றும் முடியவில்லை, மக்களுக்கு ஆபத்து இருந்தது என்று காவல்துறை கூறியது. பசு பிழைத்துக்கொண்டது. அங்கும் குறை ஒன்றே: இரவில் மாட்டைப் பிடிக்கத் தெரிந்தவர் வருவதற்குள் காவல் வாகனம் வந்துவிட்டது.

பிரிட்டிஷ் இந்தியக் காவல்துறையில் பர்மாவில் பணியாற்றிய ஜார்ஜ் ஆர்வெல், மௌல்மீன் நகரில் மதம்பிடித்து ஒருவரைக் கொன்ற யானையைக் காவல் அதிகாரி சுடுவது பற்றி 1936இல் ஒரு கட்டுரை எழுதினார். அதிகாரி செல்லும்போது யானை அமைதியாகிவிட்டது. சுடத் தேவையில்லை என்று அவருக்கே தெரிகிறது. பின்னால் திரண்ட கூட்டம் எதிர்பார்த்ததால் சுடுகிறார். கம்பத்தின் மாடிகளில் கைப்பேசியுடன் நின்றவர்களை நினைத்துப் பார்த்தால் இது பழைய கதையாகத் தோன்றாது.

இரு தரப்பும்

சுடுவதை ஆதரிப்போரைக் கருணையற்றவர்கள் என்று ஒதுக்க முடியாது. 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து தாயுடன் வீடு திரும்பிய சிறுமியை மாடு திரும்பத் திரும்ப முட்டிய காட்சியைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டிய முதியவர் உயிரிழந்தார். 2024 ஜூனில் திருவொற்றியூரில் எருமை ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. அங்கிருந்தவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டே போராடினர். மனித உயிருக்கு முன் விலங்கின் உயிர் பெரிதா என்ற கேள்வி அத்தெருக்களில் கேட்கப்பட்டால் அதற்கு மரியாதையுடன் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்ப்போரின் வலுவான வாதம் விலங்கின் குற்றமின்மை. மாட்டைப் பால் கறந்துவிட்டுத் தெருவில் விடுபவர் மனிதர். யானையின் வழித்தடத்தில் கட்டடம் எழுப்புபவரும் மனிதர். தண்டனை மட்டும் விலங்குக்கா என்று அவர்கள் கேட்கின்றனர். இதற்கு மேலாக ஒரு நடைமுறை வாதமும் உண்டு: முட்டிய மாட்டைக் கொன்றால் அந்தத் தெரு ஒரு நாளைக்குப் பாதுகாப்பாகும், அடுத்த நாள் அதே உரிமையாளரின் வேறொரு மாடு அங்கே நிற்கும்.

சென்னை மாநகராட்சி இரண்டாவது வழியையே தேர்ந்தது. பிடிபட்ட மாடுகள் புதுப்பேட்டை, பெரம்பூர் தொழுவங்களில் அடைக்கப்பட்டன. மாட்டை மீட்க உரிமையாளர் செலுத்தும் அபராதம் 2023இல் 5,000 ரூபாயாகவும் 2024இல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பாலில் வரும் வருமானத்துடன் ஒப்பிட்டால் இது கணிசமான தொகை. ஆனாலும் மாட்டை மீட்டுச் செல்பவருக்கு அதைக் கட்டிவைக்க இடமில்லை என்பது அபராதத்தால் தீராத சிக்கல்.

2025ஆம் ஆண்டு ஆணை

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலும் விரைவுச்சாலைகளிலும் திரியும் மாடுகளையும் பிற விலங்குகளையும் அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. இதற்கெனச் சுற்றுக்காவல் குழுக்களும் உதவி எண்களும் இருக்க வேண்டும் என்றும் கூறியது. பழைய மாமல்லபுரம் சாலை மாநில நெடுஞ்சாலை என்பதால் சிறுசேரிக்கும் இந்த ஆணை பொருந்தும்.

நடைமுறையில் யாரை அழைப்பது என்பதில் இன்னும் குழப்பம் நிலவுகிறது. சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண் மாநகராட்சி எல்லைக்குள் மட்டுமே பயன்படும், தாம்பரம் தனி மாநகராட்சி, சிறுசேரி ஊராட்சி. நோயுற்ற, அடிபட்ட கால்நடைகளுக்குக் கால்நடை பராமரிப்புத்துறையின் 1962 எண்ணை அழைக்கலாம். ஆனால் முட்ட வரும் மாட்டைப் பிடிக்க அந்த ஊர்தி வராது. வனவிலங்கு என்றால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த நேரத்திலும் பதில் கிடைக்கும் எண்கள் 100, 112 ஆகியவையே. அதனால் நள்ளிரவில் சாலை நடுவே மிரண்டு நிற்கும் காளையின் முன் முதலில் வந்து இறங்குபவர் இன்றும் தாம்பரம் காவல் ஆணையரகத்தின் ரோந்துக் காவலராகவே இருக்கிறார். லத்தியும் வாக்கிடாக்கியும் கொண்டு அவர் முதலில் செய்ய வேண்டியது, இருபுறமும் வாகனங்களை நிறுத்திவிட்டு, மாட்டின் உரிமையாளரைத் தட்டி எழுப்ப ஆள் அனுப்புவதுதான்.